பத்து, ஐந்து, ஐந்து

முத்திருளனின் விரல்களுக்குச் சூடு தெரியாது. மேலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மற்றவர்கள் கண்ணாடி கிளாஸின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் பிடித்து ஊதிக்கொண்டிருக்க, அவர் மட்டும் கிளாஸை உள்ளங்கை முழுவதாலும் பற்றிக்கொண்டு நிற்பார். புதிதாகப் பார்க்கிறவர்களுக்குத்தான் பதறும்.

"அண்ணே, சுடலையா?"

"சுட்டுருக்கும்" என்பார், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல.

ஐம்பத்தொரு வயது. அதில் இருபத்தொன்பது வருடம் கிரானைட் குவாரிகளில் கல் துளைக்கும் மிஷினைப் பிடித்திருக்கிறார். அந்த மிஷினை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தால், பாறைக்குள் இறங்கும் அதிர்வில் பாதி பிடித்தவனின் எலும்புக்குள் இறங்கும். முதலில் மேலூரைச் சுற்றியிருந்த குவாரிகள். அவை மூடிய பிறகு ஆந்திராவில் ஓங்கோல் பக்கம். விரல்கள் முதலில் வெளுத்தன. பிறகு மரத்தன. பிறகு சட்டைப் பித்தானைக்கூடக் கண்ணால் பார்த்துத்தான் போட வேண்டும் என்றானது.

"நரம்பு செத்துப்போச்சுங்க. இனிமே மிஷினைத் தொடாதீங்க" என்று டாக்டர் சொன்னார். முத்திருளன் தலையாட்டிவிட்டு, வாசலில் கழற்றிப்போட்ட செருப்பைத் தேடப் போய்விட்டார்.

விரல்கள் மட்டும்தான் மரத்திருக்கின்றன என்று அந்த டாக்டர் நினைத்திருக்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு சித்திரை மாத மத்தியானம், முத்திருளனின் மகன் அழகுபாண்டி நாலுவழிச் சாலையில் பைக்கோடு விழுந்தான். இருபது வயது. அந்த நேரம் முத்திருளன் ஓங்கோலில் குவாரிக் குழியின் அடியில் நின்றுகொண்டிருந்தார். குழிக்குள் போன் எடுக்காது. மச்சினன் பேயாண்டி திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு மெசேஜ் அனுப்பினான். சாயங்காலம் குழியிலிருந்து மேலே ஏறியதும் போன் ஒரு சத்தம் போட்டது. முத்திருளன் எடுத்துப் பார்த்தார். வாசிக்கத் தெரியாதவருக்கு அது வரிசையாக எழுத்து, அவ்வளவுதான். போன் கம்பெனிக்காரன் தினமும் இப்படி ஏதாவது அனுப்பத்தான் செய்வான். பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்குக் கொட்டகையில் கரண்ட் இல்லை. சற்று நேரத்தில் போனும் அணைந்துவிட்டது. சோறு தின்றார், தூங்கினார், விடிந்ததும் மறுபடி குழிக்குள் இறங்கினார்.

மறுநாள் சாயங்காலம், போனுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுத்த மேஸ்திரி சோலைதான் அந்த மெசேஜைப் பார்த்தார். பார்த்தவர் வாசிக்கவில்லை. போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "முத்து, ஊருக்குக் கெளம்புடா" என்று மட்டும் சொன்னார்.

வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெற்றவன் வைக்க வேண்டிய கொள்ளியைப் பேயாண்டி வைத்து, சாம்பலையும் கரைத்துவிட்டு, மொட்டைத் தலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். மனைவி பாண்டீஸ்வரி ஓடிவந்து முத்திருளனின் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். அவள் குரலைக் கேட்டுத் தெருவே மறுபடி அழுதது. முத்திருளனுக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வரவில்லை. அன்றும் வரவில்லை, கருமாதி அன்றும் வரவில்லை. 'அதிர்ச்சி, போகப் போக அழுவான்' என்றார்கள். போகப் போக அவர் மறுபடி ஓங்கோலுக்குத்தான் போனார். கை வேலைக்கு ஆகாது என்று ஆன பிறகுதான் இந்த வருடத் தை மாதத்தில் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தார்.

பாண்டீஸ்வரி மேலூரில் ஒரு மாவு மில்லில் மிளகாய்த்தூள் பொட்டலம் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எட்டாவது வரை படித்தவள். பகல் முழுவதும் முத்திருளன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார். அவள் வைத்துவிட்டுப் போன சோற்றை, அவள் சொல்லிவிட்டுப் போன நேரத்தில் தின்பார். மிக்சர் பொட்டலத்தைப் பிரிக்க வராமல் பல்லால் கடித்துப் பிரிப்பார்.

ஆனி மாதம் சோலை மேஸ்திரி போன் போட்டார்.

"முத்து, இங்கன கொட்டகைக்கு வாட்ச்மேன் வேணும்ங்கிறாங்க. மிஷினைத் தொட வேணாம். சும்மா உக்காந்திருக்கிற வேலைதான். ஆடி முடியவும் வந்துரு."

"வாரேன் மேஸ்திரி."

பாண்டீஸ்வரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"போங்க. இந்தத் தடவை போனீங்கன்னா நான் வீட்டைப் பூட்டிட்டு வில்லாபுரத்துக்கு மக வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் லீவு நாளுன்னு சொல்லிக்கிட்டு இங்கிட்டு வராதீங்க. இங்க யாரும் இருக்க மாட்டாங்க."

"இங்கன எனக்கு என்ன வேலை இருக்கு?"

"அது எனக்குத் தெரியாது. பதினோரு வருசம் அந்தக் குழிக்குள்ள இருந்தீங்க. உங்களுக்கு ஒரு சேதி சொல்ல முடிஞ்சதா என்னால?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் முத்திருளன் வழக்கம்போல எழுந்து வெளியே போயிருப்பார்.

மகள் ரோகிணிதான் வழி கண்டுபிடித்தாள். மதுரை கே.கே. நகரில் ஒரு கிளினிக்கின் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் அவளுக்கு வேலை. அதே கட்டடத்தின் மாடியில், ஓர் அறக்கட்டளை வேலை தேடும் பெரியவர்களுக்கு ஆறு வார வகுப்பு நடத்தியது. எழுத, வாசிக்க, அளக்க, விண்ணப்பப் பாரம் நிரப்ப, நாலு பேர் முன்னால் பேச. முடிவில் மேலூர் ரோட்டில் இருக்கும் ஒரு பெரிய பார்சல் கோடவுனில் தேர்வு. தேறியவர்களுக்கு அங்கேயே வேலை. வருகிற பெட்டிகளை அளந்து, எண்ணைச் சரிபார்த்து, சீட்டில் எழுத வேண்டும். வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம்.

"ஆறு வாரம்தான்ப்பா. ஆடி முடியுறதுக்குள்ள முடிஞ்சிரும். அது கெடைக்கலேன்னா நீ ஓங்கோல் போ, நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் ரோகிணி. மூலையில் நின்ற அம்மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

முத்திருளன் "சரி" என்றார்.

வகுப்பில் பதினான்கு பேர். ஓட்டல் வேலையை விட்டவர், புருஷனை இழந்தவள், தறி நின்றுபோனவர் என்று எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். சொல்லிக்கொடுத்த சத்யப்ரியாவுக்கு இருபத்தாறு வயது. முதல் நாள் எல்லோரையும் தங்கள் பெயரை எழுதச் சொன்னாள். முத்திருளன் பென்சிலைப் பிடித்தார். பிடித்திருக்கிறோமா என்று விரலுக்குத் தெரியாததால் இன்னும் இறுக்கிப் பிடித்தார். பென்சில் உடைந்தது. இன்னொன்று கொடுத்தாள். அதுவும் உடைந்தது.

"அண்ணே, அது பென்சிலுண்ணே. கடப்பாரை இல்ல" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி.

வகுப்பே சிரித்தது. அவள் பெயர் மைதீன் பீவி. மதுரைப் பழைய நகரத்துக்காரி, நாற்பத்தாறு வயது. அதே கோடவுனில் பேக்கிங் வேலைக்கு ஆசைப்பட்டு வந்திருந்தாள். சத்யப்ரியா அவளுடைய நோட்டைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"அம்மா, ஏன் கடைசிப் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சிருக்கீங்க?"

"இதுவா கடைசி? எங்களுக்கு இதுதான் மொதப் பக்கம் டீச்சர். நான் குர்ஆன் முழுசா ஓதுவேன், தமிழ்தான் வராது. கை தன்னால இங்கிட்டிருந்துதான் போகுது."

"இப்ப உங்க பென்சில் எங்கிட்டுப் போகுதுன்னு பாருங்க" என்றார் முத்திருளன். சிரிக்காமல்தான் சொன்னார். பீவிதான் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். குவாரியில் வெட்டியெடுத்த கல்லின் மேல் சிவப்புப் பெயிண்டால் அளவு எழுதுவதும் இருபது வருடமாக அவர் வேலை. ஆனால், "ஏழு எழுதுங்க ஐயா" என்று சத்யப்ரியா சொன்னதும் அவர் எழுதிய ஏழு நோட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது.

"இவ்வளவு பெருசா வேணாம்."

"இம்புட்டு இருந்தாத்தான் டீச்சர் கிரேன் ஓட்டுறவனுக்குத் தெரியும்."

சத்யப்ரியா யோசித்தாள். மறுநாள் ஒரு பெரிய சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டி, கையில் தடித்த மார்க்கரைக் கொடுத்தாள். முத்திருளன் எழுந்து நின்று, தோளை அசைத்து எழுதினார். விரலுக்குத் தெரியாதது தோளுக்குத் தெரிந்தது. 'அ' வந்தது. 'ம' வந்தது. அடுத்த வாரம் சார்ட்டை நான்காக மடித்தாள். அதற்கடுத்த வாரம் எட்டாக. நான்காவது வாரம் அவருடைய பெயர் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. ஐந்தாவது வாரம் நாலு கோடு உயரத்துக்கு இறங்கியது.

பஸ்ஸில் வரும்போது ஒரு நாள் 'படியில் நிற்காதே' என்று வாசித்தார். இத்தனை வருடமும் அந்தப் படியில் நின்று வந்தவர். வீட்டுக்கு வந்து பாண்டீஸ்வரியிடம் சொன்னார்.

"ம்" என்றாள். அவருக்கும் அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

ஐந்தாவது வாரத்தின் கடைசி நாள், சத்யப்ரியா எல்லோரையும் போனை எடுக்கச் சொன்னாள். "உங்களுக்கு வந்த ஏதாவது ஒரு மெசேஜை வாசிங்க." பீவி தன் மருமகள் அனுப்பியதை வாசித்து, அதில் தன்னைப் பற்றி இருந்ததைக் கண்டுபிடித்து, "அடிப் பாவி, இத்தனை நாளா இதையா அனுப்பிக்கிட்டிருந்தா!" என்று எழுந்துவிட்டாள். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. முத்திருளன் போனைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"ஐயா, நீங்க?"

அவர் போனைத் திருப்பினார். காலையில் வந்த போன் கம்பெனி மெசேஜ் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாக உரக்க வாசித்தார். ரீசார்ஜ் முடியப் போவதாகவும், இன்றே செய்தால் சலுகை உண்டு என்றும், ஓர் எண்ணை அழுத்த வேண்டும் என்றும் இருந்தது. வாசித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. எல்லோரும் கைதட்டினார்கள்.

முத்திருளன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு வந்தது இம்புட்டு நீளம் இல்ல" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. பீவிக்கு மட்டும் ஏதோ புரிந்ததுபோல, அன்று முழுவதும் அவரைக் கிண்டல் செய்யவில்லை.

கடைசி வாரம் வீட்டில் நிரப்பிப் பார்க்கச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார்கள். பெயர், வயது, ஊர், மனைவி பெயர், பிள்ளைகள் எண்ணிக்கை. முத்திருளன் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுதினார். மில்லிலிருந்து வந்த பாண்டீஸ்வரி, முகத்தில் மிளகாய்த்தூள் எரிய, குடத்துத் தண்ணீரில் கழுவிவிட்டு அந்தத் தாளை எடுத்தாள். தன் பெயரை அவர் கையெழுத்தில் முதல் தடவையாகப் பார்த்தாள். கோணலாக இருந்தது, ஆனாலும் அவள் முகத்தில் ஏதோ இளகியது. பிறகு அடுத்த வரிக்குப் போனாள்.

"இதென்னங்க?"

"எது?"

"பிள்ளைக எத்தனைன்னு கேட்டுருக்கு. ஒண்ணுன்னு போட்டுருக்கீங்க."

"ரோகிணி."

"ரோகிணி மட்டுமா?"

"இருக்கிறதத்தானே கேப்பாங்க."

பாண்டீஸ்வரி தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பத்து மாசம் சொமந்த எனக்கு ரெண்டு. உனக்கு ஒண்ணாய்யா? கல்லுக்குக் கழிவு விடுற மாதிரி எம் பிள்ளையக் கழிச்சுட்டியேய்யா! கொள்ளி வைக்கவும் வரல. ஒரு சொட்டுக் கண்ணீரும் விடல. இப்ப எழுதப் படிச்சு மொதக் காரியமா அவனைக் கழிச்சுட்டியே!"

கல்லுக்குக் கழிவு விடுவது குவாரிக்காரர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். வெட்டியெடுத்த கல்லின் ஓரம் பிசிறாக இருக்கும்; மூலை உடைந்திருக்கும். அதனால் டேப் காட்டும் அளவை யாரும் எழுத மாட்டார்கள். நீளத்தில் பத்து சென்டிமீட்டர், அகலத்தில் ஐந்து, உயரத்தில் ஐந்து கழித்துத்தான் கல்லின் மேல் எழுதுவார்கள். வாங்குகிறவன் அதைத்தான் ஒப்புக்கொள்வான். முத்திருளன் இருபது வருடம் அப்படி எழுதியவர். உடைந்ததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அவர் தாளை வாங்கி மடித்துவைத்தார்.  பாண்டீஸ்வரி உள்ளே போய், பீரோவிலிருந்து சேலைகளை எடுத்து ஒரு பையில் அடுக்கினாள். பையை வாசல் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை பரீட்சை முடியட்டும். பாஸோ பெயிலோ, வந்து சொல்லுங்க. நான் அப்புறம் என் முடிவைச் சொல்றேன்."

மூன்று நாள் அந்தப் பை அங்கேயே இருந்தது. இருவரும் அதைத் தாண்டிப் போய் வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கோடவுனில் தேர்வு. தகரக் கூரைக்குக் கீழே மலைபோல அட்டைப் பெட்டிகள். பொறுப்பாளர் தவ்பீக், முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, காதில் எந்நேரமும் போன். சத்யப்ரியா தன் மாணவர்களைவிட அதிகமாக வியர்த்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

முதலில் பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளை வாசிக்க வேண்டும். முத்திருளன் மெதுவாக, ஆனால் பிழையில்லாமல் வாசித்தார். அடுத்து சீட்டு நிரப்புவது. அதுவும் முடிந்தது. மூன்றாவதாக ஐந்து பெட்டிகளைக் காட்டி, கையில் இரும்பு டேப்பையும் மார்க்கரையும் கொடுத்தார்கள். நீளம், அகலம், உயரம் அளந்து பெட்டியின் மேலேயே எழுத வேண்டும்.

வகுப்பில் அவர்கள் அளந்ததெல்லாம் பிளாஸ்டிக் ஸ்கேலால் நோட்டில் போட்ட கோடுகளைத்தான். இரும்பு டேப் கையில் வந்ததும் முத்திருளனின் தோள் நிமிர்ந்தது. சடசடவென்று டேப்பை இழுத்தார், பார்த்தார், எழுதினார். பெரிய பெரிய எண்கள், அச்சடித்ததுபோல. மற்றவர்கள் இரண்டாவது பெட்டியில் இருந்தபோது அவர் ஐந்தையும் முடித்துவிட்டு மார்க்கரை மூடினார்.

"மாஷா அல்லா! ரயிலு மாதிரில்ல ஓடுறாரு" என்றாள் பீவி.

தவ்பீக் வந்து முதல் பெட்டியை அளந்து பார்த்தார். இரண்டாவதை அளந்தார். ஐந்தையும் அளந்துவிட்டு சத்யப்ரியாவைப் பார்த்தார்.

"ஒண்ணுகூடச் சரியில்லையே மேடம்."

சத்யப்ரியாவின் முகம் சுருங்கியது. "ஐயா, என்னாச்சு? நல்லாத்தானே அளந்தீங்க?"

முத்திருளன் பெட்டிகளைப் பார்த்தார். வாசலில் கிடந்த பையை நினைத்தார். சோலை மேஸ்திரியின் கொட்டகையை நினைத்தார். எதுவும் வலிக்கவில்லை.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பு எங்கே என்று தேடினார்.

"என்னண்ணே சரிங்க?" பீவி தன் பெட்டியை விட்டுவிட்டு வந்துவிட்டாள். "அவரு தப்புங்கிறாரு, நீங்க பாட்டுக்குச் செருப்பத் தேடுறீங்க! எப்படித் தப்புன்னு கேளுங்க. தம்பி, நீங்க ஒருக்கா நல்லாப் பாருங்க. இந்த மனுசன் பென்சிலை ஒடிப்பாரு, கணக்குல தப்பு விட மாட்டாரு."

தவ்பீக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. போனைப் பையில் போட்டுவிட்டு மறுபடி குனிந்தார். முதல் பெட்டி அறுபத்திரண்டு, நாற்பத்தைந்து, நாற்பது. எழுதியிருந்தது ஐம்பத்திரண்டு, நாற்பது, முப்பத்தைந்து. அடுத்ததையும், அதற்கடுத்ததையும் பார்த்தார்.

"இருங்க. எல்லாத்துலயும் ஒரே மாதிரி கொறையுது. பத்து, அஞ்சு, அஞ்சு. வேணும்னே கொறைச்சிருக்கீங்களா?"

"கழிவு போக எழுதிருக்கேன் சார்."

"என்ன கழிவு?"

முத்திருளன் சொன்னார். கல்லின் ஓரத்தைப் பற்றி, உடைந்த மூலையைப் பற்றி, வாங்குகிறவனைப் பற்றி. அவர் இவ்வளவு நீளமாகப் பேசி சத்யப்ரியா கேட்டதே இல்லை. தவ்பீக் தாடையைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பெரியவரே, இங்க அது கெடையாது. பெட்டி எம்புட்டு இருக்கோ அம்புட்டும் எழுதணும். மூலை நசுங்கியிருந்தாலும் சரி, ஒடஞ்சிருந்தாலும் சரி, அளவைக் கொறைக்கக் கூடாது. ஒடஞ்சிருந்தா ஒடஞ்சதுன்னு பக்கத்துல தனியா எழுதுங்க. பெட்டி வந்தது வந்ததுதான். வேற அஞ்சு பெட்டி தாரேன். மறுபடி அளங்க."

இந்தத் தடவை அவர் வேகமாக அளக்கவில்லை. டேப் எழுபது காட்டினால் வாய் அறுபது என்றது. கை நின்றது. மறுபடி டேப்பைப் பார்த்தார். எழுபது என்று எழுதினார். ஒவ்வோர் எண்ணுக்கும் வாயோடு சண்டை போட வேண்டியிருந்தது. மற்ற எல்லோரும் முடித்துவிட்டு அவரைச் சுற்றி நின்றார்கள். நான்காவது பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. அங்கே வெகு நேரம் நின்றார். பிறகு முழு அளவையும் எழுதி, பக்கத்தில் 'உடைந்தது' என்று எழுதினார். கடைசி எழுத்தைப் போட்டதும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஐந்தாவது பெட்டியில் களைத்துப்போய், உயரத்தில் ஐந்தைக் கழித்துவிட்டார்.

"அஞ்சுக்கு நாலு" என்றார் தவ்பீக். "போதும். திங்கக்கிழமை வந்துருங்க."

பீவிக்கும் வேலை கிடைத்தது. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். சத்யப்ரியாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முத்திருளன் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கேயே ஒரு கண்ணாடி அறையில் சேர்க்கைப் பாரம் கொடுத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் சுபலட்சுமி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் நிரப்பிப் பார்த்த அதே மாதிரியான பாரம். பெயர். வயது. மனைவி பெயர். பிள்ளைகள் எண்ணிக்கை என்ற இடத்தில் முத்திருளனின் பேனா நின்றது. பிறகு '2' என்று எழுதியது. கீழே இருந்த கட்டத்தில் ரோகிணி என்று எழுதி, முப்பது என்று வயது போட்டார். அதற்கும் கீழே, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, அழகுபாண்டி என்று எழுதினார். அந்தப் பெயரை அவர் எழுதுவது அதுதான் முதல் தடவை. வயது இருபது. பக்கத்தில் தனியாக 'இல்லை' என்று எழுதினார்.

சுபலட்சுமி தாளை வாங்கிப் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

"ஐயா, இது இன்சூரன்ஸுக்காகக் கேக்குறது. இருக்கிறவங்க பேரு மட்டும்தான் எழுதணும்."

சொல்லிக்கொண்டே அழகுபாண்டியின் மேல் நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டாள். இரண்டை அடித்து ஒன்று ஆக்கினாள்.

"சரிங்க" என்றார். எழுந்தவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "தாயி, இதை வேற தாள்ல எழுதுவீங்களா?"

"இல்லங்கய்யா. இதேதான் பைலுக்குப் போகும்."

"அடிச்சது அடிச்ச மாதிரியேதான் இருக்குமா?"

"ஆமாங்க."

முத்திருளன் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். பாண்டீஸ்வரி மில்லுக்கு லீவு போட்டிருந்தாள். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. பை கதவோரம் இருந்தது. அவர் அதைத் தாண்டி உள்ளே வந்தார்.

"என்னாச்சு?" திரும்பாமலே கேட்டாள்.

"திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க."

 டீயை வடிகட்டினாள். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பாரம் எழுதுனேன்" என்றார். "ரெண்டுன்னு எழுதுனேன்."

வடிகட்டி நின்றது.

"அழகு பேரையும் எழுதுனேன். வயசு போட்டேன். பக்கத்துல இல்லைன்னு போட்டேன்."

பாண்டீஸ்வரி திரும்பினாள்.

"அந்தப் புள்ள அடிச்சிருச்சு. இருக்கிறவங்கதான் வேணுமாம். ஒத்தைக் கோடுதான் போட்டிருக்கு. எழுத்து தெரியுது. அதே தாளுதான் பைல்ல இருக்குமாம். கேட்டுட்டேன்."

பாண்டீஸ்வரி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. பக்கத்து வீட்டுக்காரி சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் அளவுக்கு வந்தது. முத்திருளன் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கண்ணை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். விரலுக்கு ஈரமா இல்லையா என்று தெரியவில்லை. விரலைக் கண் முன்னால் நீட்டிப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது.

போன் அடித்தது. சோலை மேஸ்திரி. திரையில் வந்த பெயரை முத்திருளன் வாசித்துவிட்டுத்தான் எடுத்தார்.

"நான் வரல மேஸ்திரி. இங்கன வேலை கெடைச்சிருச்சு."

அழுகை அடங்கிய பிறகு பாண்டீஸ்வரி மூக்கைச் சிந்திக்கொண்டு, டீயை மறுபடி சூடாக்கிக் கிளாஸில் ஊற்றினாள். முத்திருளன் வழக்கம்போல உள்ளங்கை முழுவதாலும் அதைப் பற்றினார். அவள் அந்தக் கையையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு முந்தானையால் கிளாஸைப் பிடித்து அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"கை வெந்துபோகும். ஆறட்டும்."

அவர் காத்திருந்தார். ஆறிய பிறகு குடித்தார். குடித்து முடித்து எழுந்துபோய், கதவோரம் இருந்த பையைத் தூக்கினார்.

"இதை எங்க வைக்க?"

பாண்டீஸ்வரி அரிசியை முறத்தில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"பீரோவுல எங்கன இருந்துச்சோ அங்கிட்டே வைங்க."